பதினாறு தறியும் ஒரு ஜாதகமும்

புனே
4.9.1995

அன்புள்ள தீபக் அவர்களுக்கு,

வெள்ளகோவில் புவனா எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எனக்கு அவசரமாக ஒரு குடும்பம் வேண்டும்.

தப்பாக நினைக்க வேண்டாம், பரீட்சைக்குத்தான். நான் இங்கே என்ன படிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தபோது, நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அத்தையும் எழுந்து போய்விட்டீர்கள். இது குடும்பங்களுக்குப் பணத் திட்டம் போட்டுக் கொடுக்கிற படிப்பு. ஒரு வீட்டுக்கு என்ன வருகிறது, எதில் போகிறது, அவர்களுக்கு என்ன ஆசை, எதைக் கண்டால் பயம் என்று எல்லாம் கேட்டு, இருபது வருஷத்துக்கு வழி சொல்ல வேண்டும். மேல்நாட்டில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம், டாக்டர், வக்கீல் மாதிரி. நம் நாட்டில் இன்னும் யாரும் இல்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது. அதனால்தான் எங்கள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "அடுத்தவன் ஊட்டுப் பொட்டியத் தொறந்து பாக்கறதுக்கு ஒரு படிப்பா" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசி வருஷம் ஒரு நிஜமான குடும்பத்துக்குத் திட்டம் போட்டுக் காட்ட வேண்டும். சொந்தக் குடும்பமாக இருக்கக் கூடாது. இங்கே இருக்கும் தமிழர் வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் நான் வருமான வரி ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இது இல்லாவிட்டால் பட்டம் இல்லை. ஏப்ரலுக்கு மேல் ஒரு நாள்கூடப் படிக்க அனுப்ப மாட்டேன் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். கேட்பதற்கு எனக்குத் தகுதி இல்லைதான். எல்லோர் முன்னாலும் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள் நான். ஆனால் நான் பேசியபோது நீங்கள் வாயைத் திறக்காமல் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
ந. புவனா


சூலூர்
12.9.1995

அம்மணி,

கவரின் மேல் 'தீபக் அவர்களுக்கு' என்று இருந்ததைப் பார்த்து, பின்னால் வேறு யாராவது பெரிய மனுஷர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். தபால்காரரும் பார்த்தார்.

'அவசரமாக ஒரு குடும்பம் வேண்டும்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அடுத்த வரியைப் படித்த பிறகு இன்னொரு செம்பு குடித்தேன்.

சரி, எங்கள் குடும்பத்தை எடுத்துக்கொள். இருப்பது நானும் அம்மாவும்தான். அப்பா போன பிறகு தறிக்குடோனை நான் பார்க்கிறேன், என்னை அம்மா பார்க்கிறாள். ஒளித்து வைக்கிற அளவுக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. நீ கேட்க வேண்டியதைக் கேள்.

ஒரு சந்தேகம். இருபது வருஷத்துக்குத் திட்டம் என்கிறாய். இங்கே நாளைக் காலையில் கரண்ட் இருக்குமா என்பதே தெரியவில்லை. அதற்கும் ஏதாவது பாடம் உண்டா?

ஃபேன் விஷயம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தீபக்


புனே
20.9.1995

அன்புள்ள தீபக் அவர்களுக்கு,

நன்றி. நிஜமாகவே நன்றி. கடிதம் வந்த அன்றைக்கு விடுதியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கேள்விகளைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். தறி எத்தனை, தென்னை எத்தனை, நகை எவ்வளவு, கடன் எவ்வளவு, வீட்டில் யாருக்காவது நோய் உண்டா எல்லாம் இருக்கும். ஏற்றியும் சொல்லாதீர்கள், இறக்கியும் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று கணக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். வரி ஆபீசருக்கு ஒன்று, கைமாற்றுக் கேட்டு வருகிற சொந்தக்காரருக்கு ஒன்று, சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு ஒன்று. எனக்கு நாலாவது கணக்கு வேண்டும். உள்ளது உள்ளபடி.

கடைசிக் கேள்விதான் எங்கள் பேராசிரியர் முக்கியம் என்பார். 'பத்து வருஷம் கழித்து இந்த வீட்டில் என்ன இருக்க வேண்டும்?' அதை மட்டும் யோசித்து எழுதுங்கள். அவர் பெயர் தாராப்பூர்வாலா. பார்சி அம்மையார், அமெரிக்காவில் இதையே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவர். ரொம்பக் கண்டிப்பு.

புவனா


சூலூர்
5.10.1995

அம்மணி,

தாராப்பூர்வாலா என்றால் நம் தாராபுரத்துக்காரர்களில் யாராவது அந்தக் காலத்தில் போய்க் குடியேறியவர்களா? விசாரித்துச் சொல். அம்மா கேட்கச் சொன்னாள்.

நூல் விஷயமாக நான் கரூர் போய் இரண்டு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தால், நகையும் பத்திரமும் தன் பெட்டியில்தான் இருக்கிறது, உனக்கு என்ன தெரியும் என்று சொல்லி, அம்மாவே பக்கத்து வீட்டுச் சென்னியம்மாளை உட்கார வைத்து எல்லாப் பதிலையும் எழுதி வாங்கித் தபாலில் போட்டுவிட்டாள். நான் பார்க்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் தனியாக எழுதுகிறேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் படிப்பில் ஏதோ விஷயம் இருக்கிறது அம்மணி. அந்தத் தாளை எழுதி முடித்ததிலிருந்து அம்மா ஆளே மாறிவிட்டாள். மூட்டு வலி என்று சொல்வதில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி எங்கேயோ போய்விட்டு வந்தாள். கேட்டால் சிரிக்கிறாள். திட்டம் போட்டால் இத்தனை தெம்பு வருமா?

தீபக்


புனே
16.10.1995

திரு. தீபக் அவர்களுக்கு,

உங்கள் அம்மா பஸ் ஏறி எங்கே போனார் என்று நான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கல்யாணத்தை உறுதி செய்கிற உப்பும் சர்க்கரையும் கையில் எடுத்துக்கொண்டு.

எங்கள் அம்மா எழுதியிருக்கிறாள்: 'அத்தை உப்புச் சக்கரையோட வந்துட்டாங்க. நீயே கடுதாசி போட்டுச் சம்மதம் சொல்லிப்போட்டயாமா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு.' எங்கள் அப்பா எண்ணெய் மில்லில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்துவிட்டார். படிப்பை இப்போதே நிறுத்திவிட்டு வந்தாலும் சரி என்கிறாராம்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். தறி இருபத்து நாலு என்று இருக்கிறது. உங்களிடம் பதினாறுதானே? தென்னை நூறாம். கடன் என்ற இடத்தில் 'எங்க பரம்பரையிலயே கெடையாது' என்று இருக்கிறது. நோய் என்ற இடத்தில் 'பையனுக்குப் பீடி சிகரெட் பழக்கம் இல்லை, கோபம் வராது, நல்ல நிறம்' என்று இருக்கிறது. இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் தாளோடு உங்கள் ஜாதகமும் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு போட்டோவும் இருந்தன. கல்லூரி விலாசத்துக்கு வந்ததால் கவரைப் பிரித்தவர் பேராசிரியர். பன்னிரண்டு கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பன்னிரண்டு மனையிடம் வைத்திருக்கிறார்களே, இதற்குப் பத்திரம் எங்கே?" என்று கேட்டார். இது மனையிடம் இல்லை, மாப்பிள்ளைக் கட்டம் என்று வகுப்பு முழுக்கக் கேட்க நான் விளக்கிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்குத் தெரியாமல் இது நடந்தது என்று நான் எப்படி நம்புவது? அன்றைக்கு என் வாழ்க்கையை என்னைக் கேட்காமல் பேசி முடித்தார்கள், நீங்கள் சும்மா இருந்தீர்கள். இன்றைக்கும் அதேதான். என் படிப்பு உங்களுக்கெல்லாம் அவ்வளவு இளப்பமாகப் போய்விட்டது. நான் அழுதேன் என்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

புவனா


சூலூர்
25.10.1995

அம்மணி,

தீபாவளிக்கு முதல் நாள் உன் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் இந்த வருஷம் வெடிச்சத்தம் அடுப்பங்கரையில்தான் கேட்டது.

"ஏம்மா, பங்காருவோட எட்டுத் தறியையும் நம்முளுதுன்னு எழுதிப்போட்டயே?" என்று கேட்டேன்.

"நம்ம கூரைக்குக் கீழ வாடகைக்குத்தான கண்ணு ஓடுது."

"அறுவது தென்னையை நூறுன்னு?"

"பாக்கி நாப்பதையும் நட்டாப் போகுது."

"அவ படிப்புக்குக் கேட்டாம்மா."

"தறி எத்தன, தென்னை எத்தன, நகை எத்தனைன்னு படிப்புக்கு எவ கேப்பா? பொண்ணூட்டுக்காரங்கதான் கேப்பாங்க. அந்தப் புள்ள வெக்கப்பட்டுட்டு இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்குதுன்னு நெனச்சேன். கேக்கறப்ப நாம கொறைச்சுச் சொல்ல முடியுமா?"

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தாளிலேயே 'கோபம் வராது' என்று எழுதிவிட்டாளே. நீ என்ன கேட்டாய் என்பதை மறுபடியும் மெதுவாகச் சொன்னேன். அப்புறம், "அப்ப அந்தப் புள்ளைக்கு என்ற பையன் வேண்டாமா?" என்று கேட்டாள். மறுநாளே நான் வெள்ளகோவில் போய் உன் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஜிலேபி போனது போனதுதான், ஆனால் ஏப்ரல் வரைக்கும் உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். உப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை தீபாவளிப் பலகாரத்தில் தீர்ந்துபோனதாம்.

உண்மைக் கணக்கைத் தனித் தாளில் நானே எழுதி வைத்திருக்கிறேன். தறி பதினாறு. தறிக்கு வாங்கிய பேங்க் கடனும் அதில் இருக்கிறது.

இனி ஃபேன். அன்றைக்கு நீ பேசும்போதே, அவள் படிக்கட்டும், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. இந்த உப்புச் சர்க்கரை எனக்குத் தெரியாது, சத்தியமாக.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில்: பத்து வருஷம் கழித்து எங்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்காத ஒரு அறை இருக்க வேண்டும். குடோனுக்குத் தள்ளி, தென்னைக்கு நடுவில், கனத்த சுவர் வைத்துக் கட்ட வேண்டும். உள்ளே ஒரு பெரிய மேஜை. படிக்கிறவர்கள் யாராவது வந்தால் இந்தச் சத்தத்தில் எப்படி உட்கார்ந்து எழுதுவார்கள்?

தீபக்


புனே
6.11.1995

அன்புள்ள தீபக்,

உங்கள் கடிதத்தை ஒரு தடவைக்கு மேல் படித்தேன். கோபத்தில் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். அத்தையிடமும் சொல்லுங்கள். வெள்ளையடித்தது வீண் என்று வருத்தப்பட வேண்டாம், சூலூர்த் தூசிக்கு எப்படியும் அடிக்க வேண்டியதுதான்.

உங்கள் கணக்கை வைத்துத் திட்டம் எழுத ஆரம்பித்துவிட்டேன். அருமையாக வருகிறது. ஆனால் ஒரு சிக்கல்.

பேராசிரியர் ஜாதகத்தை மறக்கவில்லை. கல்யாணம் பேசியிருக்கிற வீடு என்றால் அதுவும் சொந்தக் குடும்பம்தான், செல்லாது என்கிறார். ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று கேட்டேன். "தன் வீட்டுக்குத் திட்டம் போடுகிறவள் தனக்கு வேண்டியதையெல்லாம் அந்த வீட்டுக்கு வேண்டியது என்று எழுதிவிடுவாள். எழுதுகிறபோது அவளுக்கே தெரியாது" என்றார். சரியாகத்தான் சொல்கிறார்.

அதனால் ஒரு தாள் வேண்டும் என்கிறார். உங்களுக்கும் எனக்கும் கல்யாணம் பேசி முடிக்கவில்லை, இனிமேலும் அப்படி ஒரு எண்ணம் இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதைக் கொடுத்தால் திட்டத்தை ஏற்றுக்கொள்வார். கொடுக்காவிட்டால் வேறு குடும்பம் தேட வேண்டும். பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டிய வேலை இது, புதிதாக ஆரம்பித்தால் முடியுமா என்று தெரியவில்லை.

இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறேன். முடியாது என்றாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

புவனா


சூலூர்
15.11.1995

அம்மணி,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு தாள் பாழாகி இரண்டாவதுதான் சரியாக வந்தது. முதல் தாளில் 'எண்ணம் இல்லை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பேனா மேல் பழி போடுகிறேன், வேறென்ன செய்வது.

உன் படிப்பு முடிய வேண்டும். அதற்கு இது வேண்டுமென்றால் இது. போன தடவை பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன், இந்தத் தடவை எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன். என் எண்ணம் என்ன என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதே. அது உன் பேராசிரியருக்கு எழுதியது.

அம்மாவிடம் காட்டவில்லை. சாட்சிக் கையெழுத்துப் பங்காருவிடம் வாங்கினேன். அவர் படித்துவிட்டு, "என்னப்பா, எட்டுத் தறி கொறைஞ்சதுக்கா பொண்ணு வேண்டாம்னுட்டாங்க? என்ற தறியையும் சேத்திக்கச் சொல்லு, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

தீபக்


புனே
28.11.1995

அன்புள்ள தீபக்,

தாள் வந்தது. அதைக் கொடுக்கவில்லை.

காரணத்தை இப்போது கேட்காதீர்கள். நானே சொல்வேன். சூலூர்க் குடும்பத்தின் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன், அவ்வளவுதான். எனக்கு வேறு குடும்பம் வேண்டும், உடனே. நமக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது, முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்களாக இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையோடு நம் பக்கத்தில் தேடினால் யார் மிஞ்சுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன். கிடைக்காவிட்டால் நான் பட்டம் இல்லாமல் ஊர் வந்து எண்ணெய் மில்லில் டின் எண்ண வேண்டியதுதான்.

புவனா


சூலூர்
11.12.1995

அம்மணி,

நீ பெரிய ஆள். இங்கே ஒருத்தன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தால், கொடுக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கேட்காதே என்கிறாய், அதனால் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வீடு கிடைத்துவிட்டது. கோயமுத்தூரில் அப்துல் வஹீது என்று ஒருவர், என்னிடம் காடாத் துணி வாங்குகிறவர். தங்கமான மனுஷர். சம்சாரம் சித்திகா, மகள் ரிஃபானா பிளஸ் டூ படிக்கிறாள். என்ன விஷயம் என்று நான் சொன்னதும், "வருமானம் என்ன, செலவு என்னன்னு எல்லாம் சொல்றேனுங்க தம்பி. அந்த அம்மா படிப்பு நிக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, வட்டி வாங்கவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன். அது இல்லாம திட்டம் போடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

போடுவாய்தானே? நீ தபாலில் கேள்வி அனுப்பு. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் துணி கொடுக்கப் போகிறபோது கேட்டு எழுதி அனுப்புகிறேன். இந்தத் தடவை கவரில் ஜாதகம் எதுவும் வராது.

தீபக்


புனே
20.12.1995

அன்புள்ள தீபக்,

வட்டி இல்லாமலா? நான் படித்த அட்டவணைகளில் முக்கால்வாசி வட்டிக் கணக்குத்தான். எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். கடை வாடகை, கூட்டு வியாபாரம், நிலம் என்று வேறு பாதையில் யோசிக்க வேண்டும். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். 'இதுதான் படிப்பு' என்றார்.

ஒரு உதவி. கடைசிக் கேள்வியை மட்டும் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது.

புவனா


சூலூர்
8.1.1996

அம்மணி,

கேட்டேன். வஹீது அண்ணனுக்கு இரண்டாவது கடை வேண்டும். சித்திகா அக்கா சமையல்கட்டிலிருந்தே, "ஹஜ்ஜுக்குப் போகோணுமுங்க. அவருகிட்டச் சொல்லிராதீங்க, கடைக்குப் பணம் வேணும்னு இருக்காரு" என்றார். ரிஃபானாவுக்குப் பார்மஸி படிக்க வேண்டும். ஆனால் அம்மாவின் ஹஜ் ஆசை அவளுக்குத் தெரியும், அதனால் வாயே திறக்கவில்லையாம். ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, மூன்று ஆசையையும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது வழி முழுக்க யோசித்தேன். நீ படிக்கிறது பணத்தைப் பற்றி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தீபக்


புனே
10.4.1996

மச்சானுக்கு,

வஹீது அண்ணன் வீட்டுத் திட்டத்துக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். முதலில் மகள் படிப்பு, அது முடிகிற வருஷம் ஹஜ், அதற்கு அடுத்த வருஷம் கடை. இருக்கிற கடையின் மாடியை வாடகைக்கு விட்டால் மூன்றும் நடக்கும், ஒரு பைசா வட்டி இல்லாமல். அண்ணனிடமிருந்து நேற்று ஒரு கார்டு வந்தது. திட்டத்தை வீட்டில் சத்தமாகப் படித்தாராம், சித்திகா அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாராம், ரிஃபானா கூடவே ஓடினாளாம். 'நம்ம தெருவுல இன்னும் நாலு ஊட்டுல கேக்கறாங்க. நீங்க கோயமுத்தூருக்கு எப்ப வர்றீங்க, பீஸ் எவ்வளவு' என்று கேட்டிருக்கிறார். அந்தக் கார்டை அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் பதில் ஒரே வரி: 'பீஸைக் கொறைச்சுச் சொல்லிராதே.'

இனி நீங்கள் கேட்காமல் இருந்த கேள்வி.

உங்கள் தாள் வந்த அன்று, அதைத் திட்டத்தோடு சேர்த்துக் கட்டலாம் என்று நான் எழுதியதை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நீங்கள் பத்து வருஷம் கழித்து வேண்டும் என்று சொன்ன அறையை நான் முதல் வருஷத்திலேயே கட்டியிருந்தேன். அதற்காகத் தறிக்கடனை அப்புறம் அடைக்கலாம் என்று எழுதியிருந்தேன். ஜன்னல் கிழக்குப் பக்கம் என்றுகூடக் குறித்திருந்தேன். திட்டத்தில் ஜன்னலுக்கு என்ன வேலை? எந்த வாத்தியாரும் இதற்கு முட்டைதான் போடுவார். எனக்கு வேண்டியதையெல்லாம் உங்கள் வீட்டுக்கு வேண்டியது என்று எழுதி வைத்திருக்கிறேன், எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

நேராகப் பேராசிரியரிடம் போய், "இந்தக் குடும்பம் செல்லாது மேடம்" என்றேன். "ஏன், அவர் கையெழுத்துப் போட்டுத் தரவில்லையா?" என்று கேட்டார். "அவர் தந்துவிட்டார். என்னால்தான் தர முடியவில்லை" என்றேன். அவர் என் திட்டத்தை வாங்கிப் புரட்டி, அந்த ஜன்னல் வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வேறு குடும்பம் பார் என்று சொல்லிவிட்டார்.

அதனால் அந்தத் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடுப்பில் போடுங்கள். உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது மச்சான். இதை யாரும் பேசி முடித்து நான் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

சில விஷயங்கள். கோயமுத்தூரில் நான் ஆபீஸ் போடுவேன், கல்யாணத்துக்கு அப்புறமும். சாயங்காலம் வீட்டுக்கு வேலை எடுத்து வருவேன், அதற்கு அந்த அறை வேண்டும். ஆனால் தறிக்கடன் அடைந்த பிறகு கட்டினால் போதும், அதுவரை காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கணக்கை நான் பார்க்க மாட்டேன், அது எங்கள் பேராசிரியர் சட்டப்படி தப்பு. வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் தேதி ஊருக்கு வாரேன். அத்தையை உப்பும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், சர்க்கரை கொஞ்சம் கூடவே இருக்கட்டும். தாளில் எதையும் எழுதிக்கொண்டு வர வேண்டாம். பங்காருவின் தறியைப் பங்காருவிடமே விட்டுவிடுங்கள். எனக்குப் பதினாறு தறி போதும்.

புவனா